கால் மிதித்தால் கை

உலான்பாத்தர்,
பிப்ரவரி 1974

அன்புள்ள சோட்னோம் அண்ணாவுக்கு,

தங்கை டோல்கோர் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே மேற்குக் கோடியில் குளிர்காலம் அமைதியாகக் கழிகிறதா? முறைப்படி உன் மந்தையின் நலம் விசாரிக்க வேண்டும். உன்னிடம் இருப்பது லாரி. அது கொழுத்து நலமாக இருக்கிறதா?

முதலில், எழுதுவதற்கே மன்னித்துவிடு. "அப்பாவைப் பத்தி எழுதறதா இருந்தா இனிமே எழுதாதே" என்று போன தடவை ஒரே வரியில் பதில் போட்டிருந்தாய். அதற்குப் பிறகு நான் பேனாவைத் தொடவில்லை. நீ மந்தையை விட்டு லாரி ஓட்டப் போனதும், "ஸ்டியரிங் புடிச்ச கைய நான் தொடமாட்டேன்" என்று அவர் சொன்னதும், "அப்ப குதிரை வாலையே பாத்துக்கிட்டுச் சாவுங்க" என்று நீ சொன்னதும் எனக்குத் தெரியும். உங்கள் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க நான் வரவில்லை. இந்தக் கடிதம் ஜெர்மானியர்களைப் பற்றியது. நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அலுவலகத்தில் சொல்ல வழியில்லை, அங்கே அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று முடிவாகிவிட்டது.

வானொலியில் கேட்டிருப்பாய். நம் மங்கோலியாவும் மேற்கு ஜெர்மனியும் தூதரக உறவு வைத்துக்கொண்டுவிட்டன. கிழக்கு ஜெர்மனி நமக்குப் பழைய சிநேகிதம். நீ பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவர்களுடைய இயந்திரங்களும் இன்ஜினியர்களும் இங்கே இருக்கிறார்கள். என்னை லைப்சிக் நகரத்தில் படிக்க வைத்ததும் அவர்கள்தான். இப்போது இன்னொரு ஜெர்மனியும் வாசலில் வந்து நிற்கிறது. பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பியை ஒரே விருந்துக்கு அழைத்த வீட்டுக்காரர்கள் மாதிரி எங்கள் வெளியுறவு அமைச்சகம் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

உறவு ஏற்பட்ட கையோடு மேற்கிலிருந்து ஒரு சிறு குழு வந்தது. தலைவர் பெயர் பீட்டர்சன், ஹாம்பர்க்காரர், கூடாரத்தின் நடுக்கம்பம் போல உயரம். மூத்த மொழிபெயர்ப்பாளர் தொண்டை கட்டிப் படுத்துவிட்டார். அந்த வேலை யாருக்கு வந்தது தெரியுமா? எனக்கு! "இவ வாயில இருக்கறது நாக்கா, கம்பளியா?" என்று நீ கேலி செய்வாயே, அதே எனக்கு!

என் மேலதிகாரி டம்பா விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் பாடம் நடத்தினார். "இங்க பாரும்மா, கிழக்குத் தூதரகத்து நாவ்மனும் வருவாரு. ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க விடாத. யாரு முதல்ல கை நீட்டறதுன்னு அவங்க ஊர்ல இன்னும் முடிவாகல. நம்ம ஊர்ல முடிவாக வேணாம்." நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

பீட்டர்சன் என் முதல் வாக்கியத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க, கண்ண மூடினா எங்க மாமியாரே வந்து நிக்கற மாதிரி இருக்கு. அவங்க லைப்சிக்காரங்க" என்றார். நான் பேசுவது அந்த ஊர்ப் பேச்சு என்று அதுவரை எனக்கே தெரியாது. ஜெர்மன் என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். பொரித்த கோழிக்குக்கூட இரண்டு பேரும் வேறு வேறு பெயர் சொல்கிறார்கள், அண்ணா!

கடைசி நாள் கூட்டுறவுப் பண்ணைக்குப் போனோம். அங்கே பால் கறக்கும் இயந்திரங்கள் கிழக்கு ஜெர்மனி கொடுத்தவை. அதனால் நாவ்மனும் வந்திருந்தார். குள்ளமான, சுத்தமான மனிதர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். நாள் முழுக்க நான் ஒருவரை மாட்டுக்கொட்டகைக்கும் மற்றவரை வைக்கோல் போருக்கும் என்று பிரித்தே வைத்திருந்தேன். ஆனால் பால்காரி ஜவ்ஜான் அக்கா, அந்த மார்பு நிறையப் பதக்கம் வாங்கியவள், எல்லாரையும் தன் கூடாரத்துக்குச் சாப்பிட அழைத்துவிட்டாள். கூடாரத்துக்கு ஒரே வாசல். கிழக்கு வாசல், மேற்கு வாசல் என்று தனித்தனியாகக் கிடையாதே.

பீட்டர்சனின் ஷூ நம் குளிருக்கு ஆகாதென்று யாரோ அவருக்குக் கம்பளி பூட்ஸ் கொடுத்திருந்தார்கள். அவருக்கே பெரியது. வாசற்படியை மிதிக்கக் கூடாதென்று நான் சொல்லியிருந்தேன். மனிதர் பயந்து, ஆற்றைத் தாண்டுவது போல ஓர் எட்டு எடுத்து உள்ளே வைத்தார். வைத்த இடம் நாவ்மனின் கால்.

நாவ்மன் "ஆ" என்றார். பீட்டர்சன் மன்னிப்புக் கேட்டார். நாவ்மன் பரவாயில்லை என்றார். அவ்வளவுதான். இருவரும் கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்கள்.

நம் ஆட்களை நினைத்துப் பார்! தேநீர்க் கிண்ணங்கள் அந்தரத்தில் நின்றுவிட்டன. ஒரு கிழவர் பூஸ் கொழுக்கட்டையைக் கடித்த வாயோடு அப்படியே காத்திருந்தார். கால் மிதிபட்டாயிற்று, இன்னும் கை சேரவில்லை. டம்பா கூரையைப் பார்த்தார். ஜவ்ஜான் அக்காதான் கரண்டியோடு எழுந்து வந்தாள்.

"என்னடி இது, மரம் மாதிரி நிக்கறாங்க? பகைய என் வீட்டுக்குள்ள இறக்கி வெச்சிட்டுப் போகப் போறாங்களா? மாடு கன்னு இருக்கற எடம்! நீ படிச்சவதானே, சொல்லித் தொலை!"

டம்பா வேண்டாமென்று கண்ணால் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். இதுவரை நான் ஜெர்மனில் பேசியதெல்லாம் பிறர் சொன்னதைத்தான், அண்ணா. என் சொந்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அப்போது என் வாயிலிருந்து தானாக வந்தது:

"ஐயா, எங்க ஊர்ல காலை மிதிச்சா உடனே கை குடுத்தாகணும். குடுக்கலேன்னா பகை வரும். இது ரெண்டு நாட்டு விவகாரம் இல்லீங்க. கால் விவகாரம்."

 பீட்டர்சன் தன் பூட்ஸைப் பார்த்தார். கையை நீட்டினார். "காலுக்காக" என்றார். நாவ்மன் கண்ணாடியைச் சரிசெய்தார். "காலுக்காக மட்டும்" என்று சொல்லிக் கை கொடுத்தார். கூடாரமே கைதட்டியது! ஜவ்ஜான் அக்கா கரண்டியால் அடுப்பைத் தட்டினாள்.  நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. கையை விடும்போது பீட்டர்சன் ஏதோ சொல்ல வேண்டுமே என்று மாமியார் ஊரைச் சொன்னார். லைப்சிக்கில் எந்தப் பக்கம் என்று கேட்டார் நாவ்மன், அவரும் அந்த ஊர்தானாம். கொழுக்கட்டை ஆறும்வரை இருவரும் ஒரு டிராம் வண்டி எந்த முனையில் திரும்பும் என்று சண்டை போட்டார்கள். தங்கள் மொழியில், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லாமல்! கடைசியில் நாவ்மன் டம்பாவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டு, கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஆனாலும் புறப்படும்போது பீட்டர்சனிடம், "உங்க மாமியார்ட்ட சொல்லுங்க, அந்த டிராம் இப்பவும் அங்கதான் திரும்புது" என்றார்.

ஜீப் கிளம்பியதும் டம்பா என் பக்கம் திரும்பினார். "இனிமே வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி என்னைக் கேளு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அவர் தோள் குலுங்கியது. "கால் விவகாரமாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்த குழு வரும்போதும் நான்தான் மொழிபெயர்ப்பாளராம்.

செய்தி முடிந்தது. இங்கேயே கையெழுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் அந்த இருவர் கை சேர்ந்த நொடியிலிருந்து என் மனதில் நின்றது ஜெர்மனி இல்லை, அண்ணா. யார் முதலில் கை நீட்டுவது என்று தெரியாமல்தான் அவர்கள் இத்தனை காலம் நின்றிருக்கிறார்கள். ஒரு பெரிய பூட்ஸ் வந்து அந்தக் கேள்வியையே மிதித்துவிட்டது.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகை வருகிறது. அரசாங்கக் காகிதத்தில் கூட்டுறவு மேய்ப்பர் நாள் என்று போடுகிறார்கள். கொழுக்கட்டை என்னவோ அதேதான். நான் தாமிர் ஆற்றங்கரைக்கு, அப்பாவிடம் போகிறேன். நீ தலைநகருக்குச் சரக்கு ஏற்றிவரும் பாதையும் நம் கூடாரத்தை ஒட்டித்தான் போகிறது. போன பண்டிகையன்று அப்பா விடிந்ததிலிருந்து மேட்டின் மேல் நின்றார். ஒட்டகம் காணாமல் போய்விட்டது, தேடுகிறேன் என்றார். ஒட்டகம் கூடாரத்துக்குப் பின்னால்தான் கட்டியிருந்தது. அந்த மேட்டிலிருந்து தெரிவது லாரிப் பாதை ஒன்றுதான். அன்று அவருடைய இடது கால் விரல்களைப் பனி கடித்துவிட்டது. உனக்கு எழுதக் கூடாதென்று சொன்னார். நானும் எழுதவில்லை.

கூட்டுறவுச் செயலாளரோடு அப்பா கத்திக்கொண்டிருந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? தவறிச் செயலாளரின் காலை மிதித்துவிட்டு, திட்டிக்கொண்டே கை கொடுத்தாரே! நீ குதிரை மேலிருந்து விழுந்துவிடும் அளவுக்குச் சிரித்தாய். கால் மிதிபட்டபின் கையை மறைத்துக்கொள்ளும் மனிதர் இல்லை அவர். அது ஸ்டியரிங் பிடித்த கையானாலும்.

வா, அண்ணா. மன்னிப்புக் கேட்க வேண்டாம், ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். குனிந்து வாசலுக்குள் நுழை, கண் தெரியாதவன் போல அவர் காலை மிதித்துவிடு. இடது கால் வேண்டாம், அது இன்னும் வலிக்கிறது. வலது கால். கொஞ்சம் பலமாகவே மிதி.

உன் பாதை வெண்மையாக, நலமாக இருக்கட்டும்.

உன் தங்கை,
டோல்கோர்