பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கார்

நோங்காய், தாய்லாந்து
4.3.1999

அன்புத் தங்கை குணவதிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்க மனம் வரவில்லை, இருந்தாலும் கேட்டுவைக்கிறேன்.

ஹட்ஞாயில் நீ கோபித்துக்கொண்டு பஸ் ஏறியதும் நானும் திரும்பிவிடுவேன் என்று நினைத்திருப்பாய். திரும்பவில்லை. தனியாகவே ஓட்டி மேகோங் ஆற்றங்கரைக்கு வந்துவிட்டேன். பாலத்தைத் தாண்டினால் லாவோஸ். தாண்டத்தான் விடவில்லை.

சுங்க அதிகாரி, காரை நாட்டுக்குள் விட்டபோது தந்த தாளைப் பார்த்துவிட்டு, "கார்க்காரம்மா எங்க?" என்றார்.

"நான்தான்யா."

"தாள்ல வேற பேர் இருக்கே. அவங்க வரணும். இல்லாட்டி அவங்க எழுதித் தரணும்."

சரி, வந்த வழியே மலேசியாவுக்குப் போகிறேன் என்றேன். எந்த எல்லைக்குப் போனாலும் இதையேதான் கேட்பார்களாம். ஏப்ரல் மூன்றாம் தேதிக்குள் கார் நாட்டைவிட்டு வெளியேறாவிட்டால் பறிமுதல்.

பா நொய் என்ற அம்மாவின் விடுதியில் கிடக்கிறேன். அவள் தெற்கே சொங்க்லாக்காரி, சந்தை மலாய் பேசுவாள். தினமும் நான் காரைத் துடைப்பதைப் பார்த்து, "நீ காரைக் கட்டிப் போட்டிருக்கியா, கார் உன்னைக் கட்டிப் போட்டிருக்கா?" என்று சிரிக்கிறாள்.

தாய்லாந்துக்குள் நுழையும்போது டனோக் எல்லையில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. யாருடைய வண்டி என்று கேட்டதும் உன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாய். என்னைக் காட்டி "டிரைவர்" என்றாய். ரப்பர் மரம் சீவுகிறவளுக்குக் கடன் இல்லை என்று வங்கியில் சொன்னதால்தானே, அரசாங்க நர்ஸ் என்று உன்னைக் கையெழுத்துப் போட வைத்தேன்? தவணை முழுவதும் நான் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக் கட்டியது.

காரை என் பெயருக்கு மாற்றிவிட்டுப் பதில் எழுது.

உன் அக்கா
தவமணி


சுங்கை சிப்புட், மலேசியா
13.3.1999

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. எங்கே போனாயோ என்று பதறிக்கொண்டிருந்தேன்.

எல்லையில் தந்த படிவத்தில் இரண்டே கட்டம்தான் அக்கா. உரிமையாளர், டிரைவர். நான் டிரைவர் என்று சொல்ல முடியுமா? எனக்கு சைக்கிளே ஓட்ட வராது. அதற்காக ஹட்ஞாய் வரை என்னோடு பேசாமலே வந்தாய். வாய் திறந்தபோது, "இறங்கு என் கார்ல இருந்து" என்றாய். இறங்கிவிட்டேன்.

பெயர் மாற்றக் கேட்டு வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். "காரைக் கொண்டு வாங்க, பரிசோதனை செய்யணும்" என்கிறார்கள். கார் இங்கே வராமல் பெயர் மாறாது. அதனால் அனுமதிக் கடிதம் எழுதி, முத்திரை வைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அதைக் காட்டிவிட்டு வந்துவிடு. வந்த மறுநாளே மாற்றித் தருகிறேன்.

கார் நின்ற இடத்தில் இப்போது அடுத்த வீட்டுப் பூனை படுத்துக்கொள்கிறது. விரட்ட மனம் வரவில்லை.

உன் குணா


நோங்காய்
21.3.1999

குணவதிக்கு,

தாள் வந்தது. மலாய்தான் என்றாலும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "எனக்குச் சொந்தமான காரை, தவமணி என்பவர் ஓட்ட அனுமதிக்கிறேன்." உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் "என்பவர்" ஆகிவிட்டாள்.

வந்த மறுநாளே என்கிறாய். கார் வாங்கிய அன்று என்ன சொன்னாய்? "கடன் முடிஞ்ச மறுநாளே மாத்திடறேன்க்கா." கடன் முடிந்து எத்தனை தீபாவளி போய்விட்டது!

இந்தத் தாளைக் காட்டி எல்லை தாண்டினால், கார் என்னுடையதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். திருப்பி அனுப்புகிறேன்.

பா நொய் தலையில் அடித்துக்கொள்கிறாள். "ஒரு காகிதம்தானே, நீட்டிட்டுப் போயேன்" என்கிறாள். அவளுக்கென்ன, விடுதி அவள் பெயரில் இருக்கிறது.

சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். நாளைக்குப் பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வியந்தியான் போகிறேன். பா நொய்யின் தங்கை அங்கே விடுதி வைத்திருக்கிறாள். உன் காரை நீயே வந்து எடுத்துக்கொள்.

அக்கா
தவமணி


நோங்காய்
29.3.1999

அக்கா,

வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பாலம் தாண்டும் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

சுங்க அதிகாரிக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம். "கார்க்காரம்மா வந்துட்டீங்களா? நல்லது, ஓட்டிட்டுப் போங்க" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாது என்றேன். அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

இப்போது காருக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சாவி என் கையில் இருக்கிறது. இதை விட்டுவிட்டும் போக முடியாது, எடுத்துக்கொண்டும் போக முடியாது.

நீ வா அக்கா. தாள் எதுவும் வேண்டாம், நான் கூட இருந்தாலே விட்டுவிடுவார்களாம். நீ ஓட்டு. லாவோஸ் என்றால் லாவோஸ், வீடு என்றால் வீடு. நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். வாயே திறக்கமாட்டேன்.

குணா


வியந்தியான்
30.3.1999

குணவதிக்கு,

கடிதம் கிடைத்தது. பஸ் டிரைவர் பதிலுக்காக நின்றுகொண்டிருக்கிறான்.

நீ கூட உட்கார்ந்தால்தான் என்னை விடுவார்கள் என்றால், தாளுக்குப் பதில் நீ. மற்றதெல்லாம் அதேதான். நான் வரவில்லை.

லாவோஸ் பார்த்தாயா என்று கேட்பாய். ஒன்றும் பார்க்கவில்லை. கார் இல்லாமல் எனக்குத் தெருவே பிடிபடவில்லை. விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்கு எப்போது என்று கேட்காதே.

பா நொய்யின் மருமகன் சோம்பொங் நிதானமானவன். சுங்கை சிப்புட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்து விடுவான், நான் போனில் கேட்டுவிட்டேன். தாள் கேட்டால் அவன் பெயருக்கு எழுதிக் கொடு. நாளைக் காலையிலேயே கிளம்பினால்தான் தேதிக்குள் எல்லைக்குப் போகலாம். இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், கிளட்சை முழுக்க மிதிக்கச் சொல்.

சும்போன் தாண்டினால் வளைவுகள் வரும், உனக்குக் குமட்டும். நான் உன் முகத்தைப் பார்த்தே ஓரமாக நிறுத்துவேன். அவனுக்குத் தெரியாது. நீதான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தவமணி