பில்டு இப்போது நிற்பதில்லை, அண்ணி

என் அன்பு அண்ணி,

முதலில் நல்ல செய்தி. நாம் எழுதிய நிரல்களை ஒன்றுசேர்த்து மென்பொருளாக்கும் அந்த பில்டு, இப்போது நடுவில் உறைந்து நிற்பதில்லை. கரண்ட்டுதான் காரணம் என்றேன் நான்; மெமரி போதவில்லை என்றீர்கள் நீங்கள். இரண்டும் இல்லை. இருவருமே தோற்றோம்.

நீங்கள் கண்மூடியபின் சேந்தமங்கலம் ஆபீசில் நான் ஒருத்திதான். மலைமேல் ஆலத்தூர் நாட்டுத் தோட்டங்களில் நாம் வைத்த மழைமானிப் பெட்டிகளுக்கு, பருவமழைக்கு முன் புது மென்பொருள் ஏற்றியாக வேண்டும். பில்டைப் பல வேலைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஓட்டினால், சில நாள் ஒழுங்காக முடியும்; சில நாள் பாதியில் நின்றுவிடும். ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லாது. வேலை கொடுத்த சென்னைக் கம்பெனி மேலாளர் பொறுமை இழந்தார்.

“ஒவ்வொண்ணா ஓட்டுங்க மேடம். முடியலைன்னா நாங்களே பாத்துக்கறோம்.”

ஒவ்வொன்றாக ஓட்டினால் நிற்காதுதான். ஆனால் ஒரு சின்னத் திருத்தத்துக்கும் அரை நாள் போய்விடும். மழை காத்திருக்குமா?

அண்ணன் வயலிலிருந்து சாப்பிட வரும்போதெல்லாம் கேட்பார்.

“ஏங்கண்ணு, இன்னைக்கும் நின்னுபோச்சா?”

“ஆமாங்ண்ணா.”

“அணைச்சுப் போட்டுப் பாரு.”

அணைத்துப் போட்டால் ஓடிவிடும். அதுதான் தொல்லையே. நின்றதன் தடயமும் அதோடு போய்விடுகிறதே.

ஒரு காலையில் நின்றபோது நான் அதை அணைக்கவில்லை. உள்ளே எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்த்தேன். மற்ற வேலைகள் எல்லாம் முடிந்திருந்தன. ஒன்று மட்டும் பாதியில் நின்றது. செய்திகள் திரையில் கலந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு வேலையும் சொல்வதை, அவற்றை ஓட்டும் தாய் நிரல் தனித்தனிக் குழாயில் வாங்கி வைக்கிறது, இல்லையா? ஒவ்வொன்றாக ஓட்டும்போது இந்தக் குழாயே கிடையாது. இந்த வேலை எச்சரிக்கைகளாக எழுதித் தள்ளிக் குழாயை நிரப்பிவிட்டது. தாய் எடுத்துப் படித்தால்தான் மேற்கொண்டு எழுத இடம். தாயோ, வேலை முடிந்த பிறகுதான் படிப்பேன் என்று உட்கார்ந்திருந்தது. மறுபடி ஓட்டும்போது, முடிந்த கோப்புகளை விட்டுவிடுவதால் செய்தி குறையும், குழாய் நிரம்பாது. அதனால்தான் இத்தனை நாள் நம்மை ஏய்த்திருக்கிறது.

சிரித்துவிட்டேன், அண்ணி. கொஞ்சம் கண்ணும் கலங்கியது. நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மேசையைத் தட்டியிருப்பீர்களா, “அட, இவ்வளவுதானா கண்ணு” என்று டீ போடப் போயிருப்பீர்களா?

வேலை நடக்கும்போதே தாய் படிக்கும்படி மாற்றினேன். பகல் முழுக்க, முதலிலிருந்து திரும்பத் திரும்ப ஓட்டினேன். ஒருமுறைகூட நிற்கவில்லை. மேலாளரே போன் செய்து, “இனி உங்க இஷ்டப்படியே ஓட்டுங்க மேடம்” என்றார்.

அண்ணனிடம் சொன்னேன். பாதிக்குமேல் புரிந்திருக்காது. ஆனாலும் ஒன்று கேட்டார்.

“உங்க அண்ணிகிட்டச் சொன்னியா?”

“இன்னும் இல்லீங்ண்ணா.”

“சொல்லிப்போடு சாமி. அவ கேட்டுட்டே இருந்தாளே.”

அதனால்தான் இந்தக் கடிதம். அடுத்த வாரம் மலையேறிப் பெட்டிகளுக்குப் புது மென்பொருளை ஏற்றப்போகிறேன். அண்ணனும் வருகிறாராம். கொண்டை ஊசி வளைவுகளில் தலைசுற்றும் என்று, நீங்கள் எத்தனை முறை கூப்பிட்டும் வராத மனிதர், இப்போது ஜீப்பில் முன் சீட்டு கேட்கிறார். நீங்கள் ஏறி நின்று பொருத்திய ஒவ்வொரு பெட்டியையும் அவருக்குக் காட்டாமல் கீழே இறங்கமாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
கோமதி