கங்கையில் சொல்லாமல் விட்ட பெயர்

கொட்டாஞ்சேனை,
மாசி 20.

அன்பு மகள் விஷ்ணுப்பிரியாவுக்கு,

கும்பமேளாவுக்குப் போன நாங்கள் ஒரு குறையுமில்லாமல் வீடு வந்து சேர்ந்துவிட்டோம், மெல்பேர்னில் நீயும் றிகாசும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்கச் சிவன் துணை. எனக்குக் கோர்வையாக எழுத வராது, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அபிராமிதான் எழுதுகிறாள். பத்தாம் வகுப்போடு நின்றாலும் அவளுடைய எழுத்து குண்டு குண்டாக, வாசிக்க லேசாயிருக்கும். அப்பாவுக்கு இருமல் இன்னும் விடவில்லை, ஆனாலும் கடைக்குப் போய்வருகிறார். கீழ்வீட்டு றலியா உனக்கென்று மாங்காய் ஊறுகாய் போட்டுவைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். நீ பாரம் தூக்காதே, வெறும் வயிற்றில் கோப்பி குடிக்காதே.

மகள், போன கிழமை போனில் நீ, அம்மா எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு முழுக்குப் போட்டீங்களா என்று கேட்டாய், நான் ஓம் என்றேன். அது பொய். முகம் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல்தான் இந்தக் கடிதம்.

அங்கே கடல் மாதிரிச் சனம். தொலைந்துபோகாமல் இருக்கச் சீனியம்மா அத்தை எங்கள் சேலைத் தலைப்புகளை ஒன்றோடொன்று முடிந்துதான் தண்ணீருக்குள் இறக்கினார். வர முடியாதவர்களின் பெயரை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, அவர்களுக்காக ஒவ்வொரு முழுக்குப் போடுவது வழக்கம். மூக்கைப் பிடியடி, பாவம் போகமுந்தி மூச்சுப் போயிடும் என்று அத்தை பகிடிவிட எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு, பெரியப்பாவுக்கு, எங்களைக் கூட்டிப்போன நாகேந்திரத்தின் சம்பந்திக்குக்கூட முழுகினேன். பிறகு அத்தை, வேற ஆரும் இருக்கினமா, கெதியாச் சொல்லு, சனம் தள்ளுது என்றார். உன் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. உன் பெயரைச் சொன்னால் கூடவே புருசன் பெயரையும் சொல்ல வேண்டும். நம் கோயில் சனம் ஏழெட்டுப் பேர் பக்கத்தில் நின்றார்கள். வேறு ஒருவரும் இல்லை என்றேன். அத்தை என் முதுகில் தட்டி, அதுதான் சரி என்றார். குளிரில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது, அவர் தட்டிய இடம் மட்டும் சுட்டது. இன்றைக்கும் சுடுகிறது.

கரையேறிப் போனைத் திறந்தால் றிகாசின் செய்திதான் முதலில் இருந்தது, மாமி, தலையை நல்லாத் துவட்டுங்க, குளிர் பட்டிடும் என்று. வேற்று மதத்துப் பிள்ளை என்று நான் ஒதுக்கியவன், நான் எந்தத் தண்ணீரில் முழுகினேன் என்று பார்க்காமல் என் தலை ஈரத்தைப் பற்றி யோசித்திருக்கிறான்.

நேற்று அத்தை வீட்டில் கங்கைத் தீர்த்தம் பங்கிட்டபோது, ஒரு சின்னச் செம்பு என் மூத்த மகளுக்கும் மருமகனுக்கும் வேண்டும் என்று எல்லோர் முன்னும் கேட்டேன். அவன் இதைக் குடிப்பானோ, கால்தான் கழுவுவானோ என்றார் அத்தை. இந்த முறை ஒருத்தரும் சிரிக்கவில்லை. நானே எட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்படிச் செம்பு கொண்டுவந்ததால் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பெயர் திரும்பி வராது என்று தெரியும். றிகாசிடம் இதைச் சொல்வதும் விடுவதும் உன் விருப்பம். சொன்னால், அவன் என்னோடு கதைக்காமல் விட்டாலும் எனக்குக் கோபமில்லை.

நீங்கள் மூன்று பேரும் நீடூழி வாழவேண்டும். இரும்புக் குளிசையை மறக்காமல் போடு.

அன்புள்ள அம்மா,
பெத்தாள்

அக்கா, அம்மா சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. அவருடைய சேலையோடு முடிந்திருந்தது என்னுடைய சேலைதான். எனக்கும் உங்கள் பெயர் தெரியும், நானும் சொல்லவில்லை.
அபிராமி