கப்பல் வழுக்கின கொழுப்பு

1974 யூலை, சனிக்கிழமை

இவர் வேலை செய்யிற இந்த நாட்டு அரசாங்கக் கப்பல்தளத்தில கட்டின போர்க்கப்பலை இண்டைக்குக் கடலில இறக்கினவை. குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தவை. கப்பல் வழுக்கிறதுக்குப் பலகையில என்ன தடவியிருக்கு எண்டு பக்கத்தில நிண்ட மரியாவை, இவரோட வேலை செய்யிற ஒருத்தற்ற மனிசியை, கேட்டன்.

"மாட்டுக் கொழுப்பு. உன்ர மனிசன்தான் பூசினவர்."

இவர் கீழ நிண்டு சிரிச்சுக் கை காட்டினார். முழங்கைவரை மஞ்சள் கொழுப்பு. நான் திருப்பிக் காட்டேல்லை. எனக்குச் சொன்னது பெயின்ற் அடிக்கிற வேலை எண்டு. அந்தக் கையாலதான் சாமிக்கு விளக்கேத்தினவர்.

இரவு சமைக்கிற குசினிக்குள்ள இவரை விடேல்லை. ஊரில கூலியாளுக்கு அம்மா போடுற மாதிரி, தட்டில கை படாமல் உயரத்தில இருந்து சோத்தைப் போட்டன். சாப்பிட்டார். தட்டைக் கழுவி, பின்கதவுக்கு வெளியில கவிழ்த்து வைச்சிட்டுப் போய்ப் படுத்திட்டார். கூலியாளும் அப்பிடித்தான் வைக்கிறவன்.

மழை பெய்யுது. தட்டு வெளியில நனையுது. கிடக்கட்டும்.