புளி வேண்டி மதிலுக்குள் எய்த ஓலை

நலம் பெருகுக. வான் பொய்யாது பெய்க. வரப்பு உயர்ந்து நெல் நிமிர்க.

கருங்கல்நாட்டின் ஒரே குடைக்கு உரியவளும், ஏழு கணவாய்களைக் காப்பவளும், ஆனைமேல் நின்றவாறே வில் வளைப்பவளும், பகைவர் கனவில் புகுந்து உறக்கம் கெடுப்பவளும், கடந்த ஆறு நாட்களாக அடுப்பின் முன் அமர்ந்து கண் எரிச்சலால் அவதிப்படுபவளுமாகிய புலிப்பாறை வேங்கைமாதேவி, ஏரிநாட்டு வேந்தரும், வெள்ளாம்பற்கோட்டைக்கு அதிபரும், இற்றைநாள்வரை எம் பகைவருமாகிய இளங்கடம்பருக்கு விடுக்கும் ஓலை. உமது குடி வாழ்க. உமது ஆநிரை பெருகுக. உமது மதில், கீழைமூலையில் எம் ஆனை முட்டிச் சரித்த பகுதி நீங்கலாக, நெடிது நிற்க.

முகமன் முடிந்தது. இவ்வோலையை எழுதும் எம் ஓலைநாயகம் இன்னும் பன்னிரண்டு விருதுப்பெயர்களுக்கு இடம் விட்டிருந்தார். வேண்டாம், பொழுது ஏறுகிறது என்று தடுத்துவிட்டோம்.

யாம் உமது கோட்டையை வளைத்து மூன்று திங்கள் ஆயின. காரணம் நீர் அறிவீர். ஆயினும் ஓலையில் பதிவது மரபாதலின் கூறுகின்றோம். உமது முடிசூட்டு விழாப் பெருவிருந்தில், அறுபத்து நான்கு நாட்டு மன்னர் பார்க்க, எமக்கு இட்ட வாழையிலையின் நுனி வலப்பக்கம் இருந்தது. நுனி இடப்பக்கம் வரவேண்டும் என்பது பந்தியில் உட்காரும் குழந்தைக்கும் தெரியும். இலை போட்டவன் இடக்கையன் என்றும், பதற்றத்தில் மாற்றிப் போட்டுவிட்டான் என்றும் நீர் சொல்லியனுப்பினீர். நல்ல கதை! யாம் நம்பவில்லை. படை திரட்டினோம்.

இவ்வாறிருக்க, சமாதானம் பேச நீர் அனுப்பிய பெருந்தூதர் நல்லாதனார், சென்ற வெள்ளியன்று, குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து எம் பாளையம் வந்து சேர்ந்தார். பெரியவர், மெலிந்தவர், இனிய சொல்லுடையவர். வந்த செய்தியைச் சொல்லிவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுவதாகவே அவர் கூறினார். யாமோ, வாய் சும்மா இராமல், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று சொல்லிவிட்டோம். பேச்சுக்குத்தான் சொன்னோம். ஊரில் எல்லோரும் சொல்வதுதானே! மூன்று திங்கள் முற்றுகையில் கிடந்த மனிதர் வேறென்ன செய்வார், சரி என்று உட்கார்ந்துவிட்டார். அவையோர் தலையில் கைவைத்துக்கொண்டனர். எம் அடுக்களைத் தலைவர் உக்கிரனார் மட்டும் புன்னகைத்தார்.

அப்புன்னகை ஏனென்று விளங்க, எம் நாட்டுச் சட்டம் ஒன்றை நீர் அறியவேண்டும். எம் பாட்டனாரின் பாட்டனார், வழியோடு போகிறவர் வருகிறவர் அனைவரையும் சாப்பிட அழைக்கும் பெருங்குணம் படைத்தவர். ஒருநாள் ஒரு சந்தையையே அழைத்துவிட்டார். அன்று அரண்மனைச் சமையற்காரர் அத்தனை பேரும் கரண்டியைப் போட்டுவிட்டு மலையேறினர். அவர்களைக் கீழே இறக்குவதற்காக வெட்டிய கல்வெட்டு இன்றும் எம் வாயிலில் நிற்கின்றது. சாப்பிட அழைத்தவர் எவரோ அவரே, அரசராயினும், விருந்தினர் வயிறாரும்வரை தம் கையால் சமைத்துத் தம் கையால் பரிமாறக் கடவர். பிறர் கை படலாகாது. ஏழு மாலை சமைத்தும் விருந்தினர் வயிறாராவிடில் அரசர் முடி அடுக்களைத் தலைவரைச் சேரும் என்பது அதன் வாசகம். அதுமுதல் எம் குலத்தில் எவரும் எவரையும் சாப்பிட அழைத்ததில்லை. மாமன் மைத்துனர் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி, மழையைப் பற்றிப் பேசி அனுப்பிவிடுவோம்.

இன்று ஏழாம் நாள். நேற்று உக்கிரனார் தம் தலையை நூலால் அளந்துகொண்டிருந்ததை யாமே கண்ணால் கண்டோம்.

முதல் மாலை யாம் அஞ்சவில்லை. வேட்டைப் பன்றியைத் தீயில் வாட்ட எம் நாட்டில் யாருக்குத் தெரியாது? முழுப்பன்றியை நெய் வழிய இலையில் கிடத்தினோம். நல்லாதனார் கைகூப்பி, நடப்பனவும் பறப்பனவும் தாம் உண்பதில்லை என்றும், காய்கறியும் மீனுமே தமக்கு ஆகும் என்றும், அன்று வெள்ளியாதலின் மீனும் ஆகாதென்றும் மிகுந்த பணிவோடு தெரிவித்தார். ஒரு வாழைப்பழத்தோடு எழுந்தார். எமக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காய்கறி சமைப்பது என்ன பெரிய வித்தை என்று மறுநாள் பூசணிக்காய்க் கூட்டில் இறங்கினோம். அரிவாள்மணையில் உட்காரப் பழகாதவளாதலின் போர்வாளை ஓங்கினோம். பூசணி பிளந்தது, அதன் அடியிலிருந்த பலகை பிளந்தது, வாள் போன வேகத்தில் கூடாரத்தின் நடுக்கம்பமும் சாய்ந்தது. கூட்டில் உப்பிட மறந்தோம்; நினைவு வந்தபோது மும்முறை இட்டோம். மூன்றாம் மாலை கஞ்சியும் துவையலும். கஞ்சி அடிப்பிடித்துக் கிளம்பிய புகை உமது மதிலுக்குள்ளும் வந்திருக்கும்; யாம் தீ வைக்கிறோம் என்று உமது காவலர் முரசறைந்தது அதற்காகத்தான். நாலாம் மாலை, ஏரிக்கரையில் தளதளவென்று நின்ற கீரையைப் பறித்துவந்து கடைந்தோம். எம் குதிரைகள் வந்து கூடாரத்தைச் சூழ்ந்துகொண்ட பின்னரே, அது அவை மேயும் தழை என்பது விளங்கிற்று.

கல்வெட்டு பிறர் கையைத்தான் தடுக்கின்றது, வாயைத் தடுக்கவில்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் ஐந்தாம் நாள் கண்டுபிடித்தான். அன்று மீன்குழம்பு வைக்க முனைந்திருந்தோம்; அதோடு போயிற்று நிம்மதி. எட்டாயிரம் வீரர், எட்டாயிரம் தாய்மாரின் மீன்குழம்பு! தேங்காய்ப்பால் ஊற்றியே ஆகவேண்டும் என்றது வலப்பக்கப் படை. ஊற்றினால் அது குழம்பே அல்ல என்றது இடப்பக்கப் படை. வெந்தயம் தாளிக்கலாமா கூடாதா என்பதில் வேற்படையும் விற்படையும் கட்டிப் புரண்டன. மூன்று திங்கள் முற்றுகையில் எம் பக்கம் காயம்பட்டோர் பதினொருவர். அன்று ஒரே பிற்பகலில் நாற்பது பேர். கடைசியில் யார் சொல்லையும் கேளாமல் யாமே மீனைத் தீயில் இட்டோம். மீனுக்குச் செதில் என்று ஒன்று உண்டு, அதை முதலில் நீக்கவேண்டும் என்பதை எட்டாயிரம் பேரில் ஒருவரும் சொல்லவில்லை. இதுகூடவா அரசிக்குத் தெரியாது என்று ஒவ்வொருவரும் இருந்துவிட்டனர்.

நேற்று, ஆறாம் மாலை, மீனைத் தயிரில் போட்டோம். புளிப்புக்காகப் போட்டோம், வேறு வழி இல்லை, ஏனென்பதைப் பின்னால் சொல்கிறோம். படை மருத்துவர் மீனும் தயிருமா என்று அலறிக்கொண்டு ஓடிவந்து சட்டியின் முன் விழுந்தார். நல்லாதனார் நீரை மட்டும் அருந்திவிட்டு, தமக்கு நிறைவாயிற்று என்றார். அவ்வளவில் எம் முடி தப்பியிருக்கும். ஆனால் அந்நேரம் பார்த்து அவர் வயிறு அவை முழுதும் கேட்கக் கூவிற்று. அதையே சாட்சியாகக் கொண்டு உக்கிரனார் அந்நிறைவைத் தள்ளுபடி செய்தார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறோம், இளங்கடம்பரே. நீர் எம்மேல் எறிந்த படைக்கலங்களில் இந்தப் பெரியவரைப் போல் எதுவும் எம்மை வாட்டியதில்லை. அவர் திட்டினாலும் தேவலை. நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே, நாளுக்கு நாள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். 

விருந்தினரிடம் என்ன வேண்டும் என்று கேட்பது அழகல்ல என்பதால் ஆறு நாள் கேளாதிருந்தோம். இன்று காலை அழகையும் மரபையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் மாலை வேளைக்கு என்னதான் சமைப்பார்கள் என்று கேட்டேவிட்டோம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை என்று தொடங்கினார். எலுமிச்சையளவு புளியை ஊறவைத்துக் கரைத்துக்கொள்ளவேண்டும். மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, மிளகும் மல்லியும் அரைத்த விழுதும் உப்பும் சேர்த்து, புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்கவிடவேண்டும். எண்ணெய் மேலே மிதந்து வரும்போது மீனைப் போட்டு, நாலு கொதியில் இறக்கவேண்டும். மீனைப் போட்டபின் கரண்டி படலாகாது, சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவே. மீனாகாத நாளில் அதே குழம்பில் கத்தரிக்காயைப் போட்டால் தீர்ந்தது. சுடுசோறும் சுட்ட அப்பளமும் இருந்தால் தாம் வேறொன்றும் கேட்பதில்லை என்றார். அடக் கடவுளே, இதற்கா யாம் கூடாரக் கம்பத்தை வெட்டினோம்! இவ்விடத்தில் ஓலைநாயகம், அடக் கடவுளே என்பது அரச ஓலையில் வரலாகாதென விண்ணப்பித்தார். எழுதும் என்று பணித்தோம்.

எம்மிடம் மீன் உண்டு. ஏரி முழுதும் எம் கையில். வலையை உதறினால் விழுகின்றது. புளிதான் இல்லை. நீர் சரணடையும் நாளில் கேடயங்கள் பளபளக்கவேண்டும் என்று எம் படைத்தலைவர் பாளையத்துப் புளி அனைத்தையும் போட்டு எட்டாயிரம் பித்தளைக் கேடயங்களைத் துலக்கிவிட்டார். இப்போது அவற்றில் முகம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கரண்டிக் குழம்பு வைக்க வழியில்லை. உமது கோட்டைக்குள்ளோ வீட்டுக்கு வீடு புதுப்புளி பானை பானையாக இருப்பதாகவும், மூன்று திங்களாக ஒருவர் கண்ணிலும் ஒரு மீன் படவில்லை என்றும் நல்லாதனார் கூறினார். நடுவில் இருப்பது ஒரு மதில்.

இவ்வளவில் ஓலைநாயகம் அரக்கை உருக்கத் தொடங்கினார். பொறும் என்றோம். இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருக்கின்றது. சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது.

இரண்டாம் மாலை, கம்பம் சாய்ந்த குழப்பத்தில், கண்ணில் தூசியோடு, யாம் நல்லாதனாருக்கு இலை போட்டோம். போட்ட பின்னர்தான் பார்த்தோம். நுனி வலப்பக்கம் இருந்தது. அமைச்சர் பன்னிருவர் பார்த்துக்கொண்டு நின்றனர். எமக்கு உயிரே போய்விட்டது. நல்லாதனாரோ மெல்ல இலையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, நீர் தெளித்துத் துடைத்து, உட்கார்ந்தார். அவர் படை திரட்டவில்லை. அன்று எம்மைப் பிடித்த வெட்கம் இன்னும் விடவில்லை. மூன்று திங்களாக உமது இடக்கையனைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தோம். யாம் மன்னிப்புக் கேட்டோம் என்று அவனிடம் சொல்லும். இவ்வரியை நீக்கிவிடலாமே என்றார் ஓலைநாயகம். நீக்கலாகாது.

ஆகவே எம் கட்டளை யாதெனின்: இவ்வோலை கண்டவுடன் நீர் மதில்மேல் ஏறி நின்று, எம்மையும் நல்லாதனாரையும் இன்று மாலை உமது கோட்டையில் சாப்பிட வருமாறு, எட்டாயிரம் பேர் கேட்க வாய்விட்டு அழைக்கக் கடவீர். விளக்கேற்றுமுன் வேறொருவர் அழைத்துவிட்டால் விருந்தினரும் அடுப்பும் அழைத்தவரையே சேரும் என்று கல்வெட்டைப் படியெடுத்த ஓலையின் அடியில் ஒரு வரி இருப்பதை ஓலைநாயகம் இன்றுதான் கண்டெடுத்தார். அவருக்கு ஓர் ஊர் தந்தோம். உமது நாட்டில் அச்சட்டம் இல்லையே என்பீர். இன்றொரு மாலைக்கு ஏற்றுக்கொள்ளும். நீர் சரணடைவதற்கு யாம் விதிக்கும் நிபந்தனை இது ஒன்றுதான். யாம் உம்மை அழைக்கவில்லை என்பதை நன்கு கவனித்துக்கொள்ளும். இவ்வோலையை நான்கு முறை படிக்கச் செய்து, அப்பொருள்பட ஒரு சொல்லும் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். அழைக்கவேண்டியவர் நீர். சமைக்கவேண்டியவரும் நீர், உமது கையால். முறை மேலே எழுதியிருக்கின்றது.

நீர் அழைத்த கணமே முற்றுகை நீங்கும். யாம் வாளின்றி வருவோம். இருபது கூடை விராலும் கெண்டையும் செதில் நீக்கியே கொணர்வோம். இப்போது எமக்கு அது தெரியும். உக்கிரனாரையும் சேர்த்து அழைப்பது நலம். பாவம், அந்த நூலை மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். எம் வீரரை அழைத்துவிடாதீர். வெந்தயத்தைப் பற்றிப் பேசுவார்கள். நாளை வெள்ளி. நாளைக்கும் நல்லாதனாரை இருக்கச் சொல்வீராயின் கத்தரிக்காய் பறித்து வையும்.

இஃது எம் வாய்மொழி. ஓலைநாயகம் எழுத, யாம் கேட்டு, கணையாழி முழுதும் மஞ்சளும் செதிலுமாய் இருந்தமையால் முந்தானையில் துடைத்து, வேங்கை முத்திரை பொறித்தோம். முனை மழுக்கிய அம்பில் கட்டி இவ்வோலை வடக்கு வாயிலின் மேல் எய்யப்படும். அங்கு நிற்போரை முன்னதாகவே தலை குனிந்துகொள்ளச் சொல்லும். உமது கோல் கோணாதிருக்க. உமது அடுப்பு அணையாதிருக்க. புளியை இப்போதே ஊறப்போடுக. இலையின் நுனி எப்பக்கம் வந்தாலும் வரட்டும். யாமே திருப்பிப் போட்டுக்கொள்வோம்.