மூன்று கிளை மரம்

பிப்ரவரி 3
சைகை வகுப்பில் முதல் நாள். மகளுக்கு இரண்டரை வயது, காது கேட்காது. ஆசிரியைக்கும் கேட்காது. ‘மரம்’ காட்டினார்: கையை நிமிர்த்தி, ஐந்து விரலையும் விரித்து. நான் காட்டியதில் மூன்று கிளைதான். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் என் வலக்கையின் கடைசி இரண்டு விரல்களைக் கொண்டுபோய் ஆறு வருடமாகிறது. இன்றுதான் அது குறையாகத் தெரிந்தது.

பிப்ரவரி 11
அக்கா வந்திருந்தாள். “கையைக் காட்டியே பழக்கினா வாயே திறக்க மாட்டா, பாத்துக்கோ.”
“வாயத் திறக்கிறவங்க மட்டும் என்னத்தச் சொல்லிக் கிழிச்சிட்டாங்க?” என்றாள் மனைவி. சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

பிப்ரவரி 12
அக்கா சொன்னது நிஜமாக இருந்தால்?

மார்ச் 9
பால், பூனை, தூக்கம் — ஐந்து வாரமாகக் காட்டுகிறோம். மகள் வேடிக்கை பார்க்கிறாள், அவ்வளவுதான்.

மார்ச் 20
காட்டிவிட்டாள்! ஜன்னலுக்கு வெளியே பார்த்து, ‘மரம்’. மனைவி அழுதேவிட்டாள். நான் மகளின் கையைப் பார்த்தேன். கடைசி இரண்டு விரலை மடக்கி வைத்திருந்தாள். அப்படியே என் கை.
ஐயோ, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்? ஊரு பேசுறது பத்தாதுன்னு, கையிலயும் திக்குவாயா?

மார்ச் 21
இனி வலக்கை கால்சட்டைப் பைக்குள். இடக்கையில் ஐந்தும் இருக்கிறது, ஆனால் அதற்குப் புத்தி கிடையாது. ‘பால்’ என்று காட்டினால் எனக்கே புரியவில்லை.

ஏப்ரல் 2
மகளுக்கு அவள் அம்மாவிடம்தான் எல்லாப் பேச்சும். என்னிடம் ஒன்றுமில்லை. இன்று என் பைக்குள் கைவிட்டு வலக்கையை இழுத்தாள். நான் விடவில்லை. அழுதுகொண்டே போய்விட்டாள். நல்லதுக்குத்தானே செய்கிறேன்?

ஏப்ரல் 6
ஆசிரியையிடம் எழுதிக் கேட்டேன்: என் கை அவளைக் கெடுக்கிறதா?
படித்துவிட்டு என் பையைச் சுட்டி, கையை வெளியே எடுக்கச் சொன்னார். பிறகு எழுதினார்: “சின்னக் கைக்கு விரல் பழக நாளாகும். கையிலும் மழலை உண்டு. பலரைப் பார்த்துப் பார்த்துத் தானே திருத்திக்கொள்வாள். அப்பா பேசாமல் இருந்தால்தான் கெடுதல்.”
நம்பலாமா? தெரியவில்லை. கை மறுபடி உள்ளே போகாதபடி பையைத் தைத்து மூடிவிடச் சொன்னாள் மனைவி.

செப்டம்பர் 14
பாலர் வகுப்பில் சேர்க்கப் போனோம். அங்கிருந்த பெண்மணி மரத்தின் படத்தை நீட்டினார். மகள் கையை உயர்த்தினாள் — ஐந்து விரலும், பளிச்சென்று. அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.
பிறகு என் பக்கம் திரும்பினாள். அப்பாவுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்தாளோ என்னவோ, இரண்டு விரலை மடக்கி, மெதுவாக இன்னொரு முறை காட்டினாள்.