கயிறு ஆடினால் இழுக்கணும்

ஏப்ரல் 18, 1979. புதன்.
காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்குது. நாளையிலிருந்து சங்கு குளிக்கிற அத்தானுக்கு நான்தான் கயிறு பிடிக்கணுமாம். வழக்கமா பிடிக்கிற அண்ணன் தோணியில கொழும்பு போய்ட்டான். குளிக்கிறவன் கயிறு பெண்டாட்டி கூடப்பிறந்தவன் கையிலதான் இருக்கணும். அக்கா தாலியறுக்க எவன் சம்மதிப்பான்னு கணக்கு. நான் மெட்ராஸ்ல பௌதிக ஆராய்ச்சி பண்ணுதவன்னு சொன்னா எடுபடுமா?
வாங்கணும்: மை, சோப்பு, கோடாலித் தைலம்.

19, வியாழன்.
காத்தே இல்லை. அடியில அத்தான் கயிறை ஆட்டினா படகுல இருந்து இழுக்கணும், அவ்வளவுதான் வேலை. ஏறி வந்த அத்தான், "கீழ குளுருதுலே மாப்ள" என்றார். இருமினார்.
மதியம் என் கணக்கு. இடத்தையும் காலத்தையும் வலைக்கண் மாதிரி கட்டம் கட்டமா வெட்டணும். வெப்பத்தைச் சேர்க்க, காலத்தை வளைச்சு நுனியோட நுனி ஒட்டணும். சூடு ஏற ஏற அந்த வளையம் சின்னதாகும். அதைச் சுத்திப் போற கோட்டை எப்படி இழுத்தாலும் சுருக்க முடியாது, அறுத்தாத்தான் உண்டு. எல்லாம் தாள்லதான். புரொபசர் இன்னும் பதில் போடலை.

20, வெள்ளி.
நேத்தைவிட வெயில். அத்தான் ஏறினார். கயித்துல அதே இழுப்பு, அதே வார்த்தை, அதே இருமல். அடுத்த முங்கலுக்கும் அதே. விளையாடுதீங்களான்னு கேட்டேன்.
"இதுதாம்லே மொத முங்கு." காலடியில சங்குக் குவியல்.
அக்காகிட்ட சொன்னேன். காலையில அவர் ரெண்டு தடவை சிலுவை போட்டு, ரெண்டு தடவை விடைபெற்றாராம். யார்கிட்டயும் மூச்சு விடாதே, கயிறை மட்டும் விட்டுடாதேன்னு அழுதா.
தாள்ல போட்ட கால வளையம் நிசத்துலயே சுத்துதோ? நேத்து ஒரு நாள் அளவு. இன்னைக்கு ஒரு முங்கல். அதைவிடச் சின்னதாச்சுன்னா? சீ, என்ன எழுதுதேன். பயமா இருக்கு.

21, சனி.
வெயில் இல்லை, தீ. போகவேண்டாம்னு கெஞ்சினேன். கேக்கலை.
முங்கினார். கயிறு ஆடிச்சு, இழுத்தேன், ஏறினார். அடுத்த முங்கலுக்குக் கயிறைத் திரும்ப இறக்கினேன். அத்தான் எதிர்ல உக்காந்து தலை துவட்டுதார். கையில கயிறு ஆடுது. மீன் இல்லை. அத்தான் இழுக்கிற அதே இழுப்பு.
அவரும் பார்த்துட்டார். முகம் வெளுத்துப் போச்சு.
"இழுக்காதலே. நான் வீட்டுக்குப் போகணும்."
நான் இழுக்கலை. கயிறு ரொம்ப நேரம் ஆடிச்சு. அப்புறம் மெதுவா. அப்புறம் இல்லை.

22, ஞாயிறு.
பூசைக்குப் போகலை. அத்தான் நல்லா சாப்பிடுதார். பேச்சு இல்லை, இருமலும் இல்லை. அக்கா அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டா: "ஏலே, நீ யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?"
கயிறு என் கையிலதான் இருந்துச்சு.